எனக்கு என்றொரு சொல்

நீங்கள் அனுப்பிய விசாரணைக் கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருக்கின்றன, ஐயா. மருத்துவமனை என்ற சொல்லில் ஒன்று, என் வீட்டு முகவரியில் ஒன்று. குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். பஸ் டிக்கெட்டைக்கூட ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பையில் போடுவேன். பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. உங்கள் அறிக்கையின் நான்காவது பக்கத்தில் வேறொரு தவறு இருக்கிறது. 'நோயாளியால் தன் வலியைச் சொல்ல இயலவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அந்தப் பெண் டாக்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பேச வராத ஒருவனை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், அதனால் குடல்வால் வெடித்து அவன் செத்துப்போனான் என்பது உங்கள் முடிவு. டாக்டர்மேல் எனக்குப் பரிவு ஒன்றும் கிடையாது. போன வாரம் என் வீட்டுக்கே வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதார். அவர் படியிறங்கிப் போனதும் சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவினேன். இருந்தாலும் அந்த வரி தவறு. செத்தவன் என் அண்ணன். அவன் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுதிக்கொள்கிறவர் அவசரப்பட வேண்டாம். நான் நிதானமாகவே பேசுவேன்.

வீட்டில் அவன் பெரியவன், நான் சின்னவன். ஆறு வயது வித்தியாசம். அவனுடைய நாலாவது வயதில் ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா ஒரு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். எல்லாரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் என்னைப் பெற்றுக்கொள்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். இதை யாரும் என்னிடம் மறைத்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொல்வாள்: "எங்களுக்கு அப்புறம் பெரியவனுக்கு ஒரு ஆள் வேணும்ல, அதுக்குத்தான் சின்னவன்." மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வைத்த குடையைக் காட்டுகிற மாதிரி இருக்கும். வந்தவர்கள் கண் கலங்கி என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவர்கள் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை; விரலின் பிசுபிசுப்பு மட்டும் இருக்கிறது.

பெரியவன் வெள்ளையாக இருப்பதைத்தான் தின்பான். பால், ஓரம் நறுக்கிய ரொட்டி, அவித்த முட்டையின் வெள்ளை. முட்டையை உள்ளங்கையில் வைத்துப் பிதுக்குவான். மஞ்சள் கரு தட்டுக்கு வெளியே மேசைமேல் வந்து விழும். அதில் அவன் விரல் ரேகை பதிந்திருக்கும், சில நாள் எச்சிலும் இருக்கும். வீணாகப் போகக் கூடாது என்று அம்மா அதை எடுத்து என் தட்டில் வைப்பாள். காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று. பல் முளைத்த நாளிலிருந்து வேலைக்குப் போகிற வயது வரைக்கும் அவன் பிதுக்கிப் போட்டதைத் தின்று வளர்ந்த உடம்பு இது. எனக்கென்று ஒரு முழு முட்டையை யாரும் அவித்துத் தந்ததில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா சிரித்திருப்பாள், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு கச்சிதமாப் போகுதே என்று.

இப்போது முட்டை என்ற சொல்லைத் திருத்த வரும் புரூஃபில் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

சட்டைக் காலரை மென்று மென்று கந்தலாக்குவான். மழை நாளில் ஜன்னல் கண்ணாடியை நக்குவான். புதிதாக யாரைப் பார்த்தாலும் அவர்களுடைய உள்ளங்கையை இழுத்து மோந்து பார்ப்பான். பிடித்திருந்தால் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வான், பிடிக்காவிட்டால் தட்டிவிடுவான். என் கையை அவன் ஒரு நாளும் தட்டிவிட்டதில்லை. தெருவைக் கடக்கும்போது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வான். நாற்பத்தாறு வயதில், நரைத்த தாடியோடு, ஈரக்கையால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வருகிறவனோடு நீங்கள் ஒருநாள் கடைத்தெருவில் நடந்து பார்க்க வேண்டும், ஐயா. யாரும் கேலி செய்ய மாட்டார்கள். பரிதாபமாகப் பார்த்துவிட்டு என்னைப் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சிதான் எனக்கு எச்சிலைவிட அருவருப்பு.

இனி அவன் பேச்சு. அவனுக்குப் பேச்சு வராது என்று எல்லாரும் சொல்வார்கள், உங்கள் அறிக்கையும் அதையேதான் சொல்கிறது. அவனுக்குப் பேச்சு வந்தது. சொந்தமாக ஒரு வாக்கியம் செய்ய வராது, அவ்வளவுதான். எப்போதோ யாரோ சொன்னதை அப்படியே, சொன்னவர் குரலிலேயே எடுத்து வைப்பான். ஒருமுறை பஸ்ஸைத் தவறவிட்டபோது அப்பா "போச்சு, அடுத்த பஸ் அரை மணி கழிச்சுத்தான்" என்று அலுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பால் கொட்டினாலும் பென்சில் உடைந்தாலும், அப்பா குரலில் அடுத்த பஸ் அரை மணி கழிச்சுத்தான். அப்பா போய்ச் சேர்ந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னான். பயம் வந்தால், ஊசி போட மாட்டாங்க, சும்மா பாப்பாங்க. வீட்டுக்கு வந்தவர் கிளம்ப வேண்டும் என்று தோன்றினால், சரி நாழியாச்சு.

அவனுக்கு ஐந்து வயதாகும்போது சமையலறைக் கதவிடுக்கில் அவன் விரல் நசுங்கியது. நான் பிறப்பதற்கு முன்பு. அம்மா ஓடி வந்து "கதவை யாரு சாத்துனது?" என்று அலறினாளாம். அதற்குப் பிறகு வலி என்றால் அவனுக்கு அதுதான் சொல். பல் வலித்தால், காது வலித்தால், காலில் கண்ணாடி குத்தினால், அம்மா அன்றைக்கு அலறிய அதே குரலில், கதவை யாரு சாத்துனது. முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அழ மாட்டான். வலி அதிகமானால் மெல்ல முனகுவான், அது பாட்டு முனகுவது போலவே இருக்கும். தெரியாதவர்கள் அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. மூன்று வயதிலேயே கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். என்னடா சொல்றான் என்று அப்பா கேட்பார், நான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், போய் அர்த்தம் சொல்லிவிட்டு வருவேன். அம்மா ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள்: இடது பக்கம் அவன் சொல்வது, வலது பக்கம் அதன் பொருள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதை எழுத்துப்பிழை இல்லாமல் பிரதி எடுத்து, அகர வரிசைப்படுத்திக் கொடுத்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். வாசல் பக்கம் ஆணியில் தொங்கும். யாருக்காவது தேவைப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம் என்று அம்மாவின் எண்ணம்.

ஒரு சொல் மட்டும் அதில் இல்லை. தன்னைப் பற்றிப் பேசும்போதும் அவன் 'உனக்கு' என்றுதான் சொல்வான். எல்லாரும் அவனிடம் அப்படிக் கேட்டுத்தானே பழக்கம்? உனக்குப் பசிக்குதா என்றால் எனக்குப் பசிக்கிறது என்று பொருள். உனக்குத் தூக்கம் வருதா என்றால் அவனுக்குத் தூக்கம் வருகிறது. பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒருத்தர் இரண்டு வருடம் கண்ணாடிக்கு முன்னால் அவனை உட்கார வைத்து 'எனக்கு' என்று சொல்ல வைக்கப் பார்த்தார். அவன் டீச்சரைப் பார்த்து 'உனக்கு' என்பான். கடைசியில் டீச்சர் கைவிட்டுவிட்டார். இவனுக்கு 'நான்' என்கிற நினைப்பே கிடையாது போல என்று அவர் சொன்னபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நிம்மதியாக இருந்தேன். அந்த வீட்டில் 'எனக்கு' என்று சொல்லத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், சொல்லிப் பயனில்லை என்றாலும்.

என் வாழ்க்கையை அவன் பாழாக்கிவிட்டான் என்று நான் சொல்லவே இல்லை. அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் ஒரு பெண் வேலை பார்த்தாள். நான்கு மாதம் பழகினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பெரியவன் அவள் கையை மோந்து பார்த்தான், பசை வாசனை பிடித்துப்போய்க் கன்னத்தில் வைத்துக்கொண்டான். எடுக்கவே விடவில்லை. அவளுக்கு அருவருப்பாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த வாரம் அச்சகத்துப் படிக்கட்டில் நின்று, இது சரிவராது என்றாள். அண்ணனாலா என்று கேட்டேன்.

"அவரால என்ன? அவர் பாட்டுக்கு இருக்காரு. நீங்க அவரைப் பாக்குற பார்வைதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

பெண்கள் உண்மையான காரணத்தைச் சொல்வதில்லை. அண்ணனால்தான் போனாள் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா இறந்தாள். ஒரு வாரம் கழித்து அந்த நோட்டை ஆணியிலிருந்து எடுத்து, அச்சகத்துக் கழிவுத் தாளோடு கூழாக்க அனுப்பிவிட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். முன்னூற்றுப் பன்னிரண்டும் எனக்கு மனப்பாடம். ஒரே விஷயத்துக்கு இரண்டு பிரதி எதற்கு? அட்டையில் பால் கறையும் எண்ணெயும் வேறு படிந்திருந்தன. அப்போது என் மனதில் வேறு எண்ணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அதற்குப் பிறகு காலையில் அவனைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் மூன்று மணிக்கே அவர்களுடைய வேன் அவனை வீட்டில் கொண்டுவந்து விடும். ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் "வந்துட்டியா? முகம் வாடிப்போச்சே" என்று ஒரு குரல் கேட்கும். அம்மா குரல். அட்சரம் பிசகாமல் அவளேதான். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான், அவள் அவனுக்குள்ளிருந்து பேசுவாள். செத்தவளின் குரல் ஒரு தாடிக்காரன் வாயிலிருந்து எச்சில் தெறிக்க வருவதை நினைத்துப் பாருங்கள். என் முகம் வாடியிருப்பது அவனுக்குத் தெரிந்ததா, சும்மா வார்த்தையா என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. முதுகு கூசும். நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

இப்போது அந்த நான்கு நாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் முட்டையைப் பிதுக்கவில்லை. முழு முட்டை தட்டிலேயே கிடந்தது. வயிற்றின் வலது பக்கத்தை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு நின்றான். கதவை யாரு சாத்துனது என்றான்.

எனக்கு உடனே புரிந்தது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். புரியாமல் போய்விட்டது, கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். வழக்கமாக நான் எங்கே என்று கேட்பேன், அவன் என் கையை எடுத்து வலிக்கிற இடத்தில் வைப்பான், நான் டாக்டருக்குச் சொல்வேன். அப்படித்தான் முப்பத்தைந்து வருடம் நடந்தது. அன்றைக்கு நான் கேட்கவில்லை. கோபம் கிடையாது. களைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. மொழிபெயர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றியது.

வயிறு சரியில்லை என்று நிலையத்துக்குப் போன் செய்து சொன்னேன். முதலாளியிடம் கேட்டு வேலையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தண்ணீர் பம்பு உதிரி பாகங்களின் விலைப்பட்டியல், நாற்பது பக்கம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திருத்தினேன். அவன் எதிரில் நின்றுகொண்டு அதையே சொன்னான். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் தாளின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்தத் தாள்கள் முதலாளியிடம் இருக்கும், வாங்கிப் பாருங்கள். உள்ளே போட்டிருக்கிற குறிகள் பிழைகள். விளிம்பில் இருக்கிற கோடுகள் அவன். செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்று. புதன்கிழமை அறுபத்து நான்கு.

புதன்கிழமை வாந்தி எடுத்தான். பச்சையாக, கசப்பு நாற்றத்தோடு. மேசைமேலும் என் செருப்பிலும் தெறித்தது. அதை நான்தான் துடைத்தேன், வேறு யார் இருக்கிறார்கள்? மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, தரையின் இடுக்கெல்லாம் பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சட்டை மாற்றிவிட்டேன். வாயைக் கழுவிவிட்டேன். அவனுக்கு வேண்டியது எதிலும் நான் குறை வைக்கவில்லை, ஐயா. ஒன்றைத் தவிர.

வியாழக்கிழமை காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஏன் கூட்டிப்போனாய் என்று கேட்டால், காய்ச்சல் வந்தவனைக் கூட்டிப்போவது முறை. நான் முறை தவறியதில்லை. சின்ன அறை, நீலத் திரை, சக்கரம் வைத்த கட்டில். அந்தப் பெண் டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எத்தனை நாளாக என்று கேட்டார். இன்றைக்குக் காலையிலிருந்துதான் என்றேன். அவன் கதவை யாரு சாத்துனது என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு?"

"கதவு சாத்தியிருந்தா அவனுக்கு ஆகாது டாக்டர்."

அவர் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். அவன் மறுபடியும் சொன்னான். நான் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தேன்.

அவர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவன் முனகினான். டாக்டர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பாட்டுப் பாடுறாரே என்றார். ஆமாம், சந்தோஷமா இருந்தா இப்படித்தான் என்றேன். நடுவில் அவன் அவருடைய கையைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே குனிந்து, குழந்தையிடம் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"உனக்கு வலிக்குதா?"

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"எனக்கு வலிக்குது," என்றான்.

அம்மா குரல் இல்லை. அப்பா குரல் இல்லை. டீச்சர் குரலும் இல்லை. கரகரப்பான, கொஞ்சம் தடித்த ஒரு ஆம்பிளைக் குரல். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அது அவனுடையது.

உங்களுக்குப் புரிகிறதா? கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லியிருந்தால் 'உனக்கு வலிக்குதா' என்றுதான் வந்திருக்க வேண்டும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மாறியிருந்தன. டாக்டருக்கு அது தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமில்லை. எழுத்து மாறினால் கவனிப்பது என் தொழில்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பரிதாபம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. சட்டைக்குள் பல்லி விழுந்தால் உடம்பு உதறுமே, அப்படி ஒரு அருவருப்பு. இவனுக்கு வரும். இவனால் முடியும். அப்படியென்றால் நான் தின்ற மஞ்சள் கருவெல்லாம் எதற்கு? பாதியில் எழுந்து வந்த பாடங்கள், அந்தப் பெண், முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகள், எதற்கு? இவனுக்காகப் பேசுவதற்கென்றே ஒருத்தனைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கி, இடமும் வலமும் நகரவிடாமல் பக்கத்தில் நிறுத்தி வைத்தாயிற்று. நாற்பது வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்டதும் தானே சொல்கிறான், அதுவும் இலக்கணப் பிழை இல்லாமல்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். இப்ப என்ன சொன்னாரு, வலிக்குதுன்னாரா என்று கேட்டார்.

"கேட்டதைத் திருப்பிச் சொல்றான் டாக்டர். எதைக் கேட்டாலும் இப்படித்தான். பசிக்குதான்னு கேளுங்க, பசிக்குதும்பான்."

அவர் தலையசைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 'கேட்பதைத் திரும்பச் சொல்கிறார், வலி இல்லை' என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரி என்னுடையது. கையெழுத்து மட்டும்தான் அவருடையது. இருந்தாலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் வைத்திருந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். மெஷினைப் பார்த்தால் மிரண்டுபோய்விடுவான், வீட்டில் என்றால் அமைதியாக இருப்பான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்தார். பிறகு, "உங்களைவிட அவரை யாருக்குத் தெரியும்? உங்களை மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்றார். என் பொறுப்பில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டேன். அதை நீங்கள் அறிக்கையில் விட்டுவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீங்கள் கேட்கவில்லை. அறிக்கையில் அந்த நாளுக்கு ஒரே வரிதான்: 'மாலையில் வீட்டில் உயிர் பிரிந்தது.' அதற்கு முன்னால் ஒரு முழு நாள் இருந்தது.

அவன் கட்டிலில் கிடந்தான். வயிறு பலகை மாதிரி ஆகியிருந்தது. அறையில் ஒரு அழுகல் வாடை. நான் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பழைய சொல்லை மறந்தேபோனவன் மாதிரி, புதிதாகக் கிடைத்ததையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வலிக்குது. எனக்கு வலிக்குது. அந்தக் கரகரத்த குரலில், ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்து. அவன் யார் கண்ணையும் பார்க்காதவன், ஐயா. அன்றைக்கு என்னைப் பார்த்தான்.

எனக்குத் தாங்கவில்லை. அதனால் திருத்தினேன்.

"எனக்கு இல்ல. உனக்கு," என்றேன்.

எனக்கு வலிக்குது என்றான்.

அப்படிச் சொல்லக் கூடாது, உனக்குன்னு சொல்லணும் என்று பொறுமையாகச் சொன்னேன். நான் குரலை உயர்த்தவில்லை, அதட்டவில்லை. அவன் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்து, உனக்கு, உனக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். காலையிலிருந்து மதியம் வரை. அவன் எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்கிறவன். மூன்று மணி வாக்கில் பிடித்துக்கொண்டான். கை சுட்டது. உதடு வெடித்திருந்தது. உள்ளங்கையை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து, தன் சொந்தக் குரலில் சொன்னான்.

"உனக்கு வலிக்குது."

அதற்குப் பிறகு அவன் வேறெதுவும் பேசவில்லை. நாலேகாலுக்கு மூச்சு நின்றது. அவன் கடைசியாகச் சொன்னது அதுதான், அதற்கு நான் பதிலும் சொன்னேன். இரண்டையும் உங்கள் நான்காம் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்றேன். அவன் கை சில்லிட்டுப்போன பிறகும், அதை என் நெஞ்சிலிருந்து எடுக்காமல், இருட்டுகிற வரைக்கும் அவனிடம் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.